இடது இறக்கை

ஜனவரி 12

வாலு,

நல்லா இருக்கியா? காது மெஷின் ஒத்துப்போச்சா, இல்ல இன்னும் டப்பாவுக்குள்ளயே தூங்குதா? மாப்பிள்ளையை விசாரிச்சதாச் சொல்லு. இங்க நானும் உன் அண்ணியும் சௌக்கியம். போன்ல பேசலாம்னா, போன வாரம் நான் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டதுக்கு நீ 'வியாழக்கிழமை'ன்னு பதில் சொன்ன. அதனால காகிதமே மேல்னு உட்கார்ந்துட்டேன்.

சிரிக்காம படி. நான் ஒரு ஏரோபிளேன் வாங்கியிருக்கேன். ரிமோட்ல பறக்கிறது. தெர்மோகோல் மாதிரி இருக்கும், ஆனா அழுத்தினா ரப்பர் மாதிரி அமுங்கி எழும். அந்த ஃபோம்ல செஞ்சது. ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவு நீளமோ, அதுல முக்கால்வாசி இறக்கை. காலையில ஒன்பது மணிக்குப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல இறக்கி விட்டா, மறுபடி பஸ்ஸை எடுக்க மூணு மணி ஆகும். பதினெட்டு வருஷமா அந்த ஆறு மணி நேரத்தை சீட்லயே தூங்கிக் கழிச்சேன். பஸ் ஷெட்டுக்குப் பின்னாடி பெரிய மைதானம் இருக்கு. அங்க ஒரு பல் டாக்டரும் டயர் கடைக்காரரும் பிளேன் விட்டுட்டு இருந்தாங்க. பார்த்தேன், விழுந்துட்டேன்.

பிரச்சினை என்னன்னா, மூணாம் நாளே வயித்துப் பக்கம் பிய்ஞ்சு போச்சு. மைதானத்துல வெட்டிவிட்ட புல்லு ஊசி மாதிரி நிக்குது. இறங்குறப்ப எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உரியுது. டாக்டர் சொன்னார், 'மேல லேமினேஷன் ஃபிலிம் ஒட்டணும், அப்பத்தான் தாங்கும்'னு. 'என் தங்கச்சி அச்சகத்துல நாள் முழுக்க அதைத்தான் ஒட்டுறா'ன்னு பெருமையாச் சொல்லிட்டேன். மானத்தைக் காப்பாத்து. எந்த ஃபிலிம், எப்படி ஒட்டணும்னு எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

---

ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நாங்க எல்லாரும் நலம். காது மெஷின் காதுலதான் இருக்கு. அதைப் போட்டா அச்சு மெஷினெல்லாம் என் தலைக்குள்ள ஓடுது, கழட்டினா உலகமே பஞ்சு வெச்ச மாதிரி ஆயிடுது. நடுவுல ஒரு நிலைமை இல்ல.

ஐம்பது வயசுல ஏரோபிளேன். அண்ணிக்குக் கோயில் கட்டலாம். சரி, பார்சல்ல ரோல் வெச்சிருக்கேன். எங்க முதலாளி கடைசி சுத்துல மிஞ்சுறதைத் தூக்கிப் போடச் சொல்வார், அதைத்தான் உனக்குத் தர்றேன். புத்தக அட்டைக்கு ஒட்டுறது. மெல்லிசு ரகமாப் பார்த்து எடுத்தேன், கனமானது போட்டா உன் பிளேன் கோழி மாதிரிதான் பறக்கும்.

ஃபிலிம்ல ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், ஒரு பக்கம் மங்கலா இருக்கும். மங்கல் பக்கம்தான் பசை. அதுதான் ஃபோமைப் பார்க்கணும். மாத்தி வெச்சா இஸ்திரிப் பெட்டியில ஒட்டிக்கும், அப்புறம் அண்ணி உன்னை ஒட்டிடுவாங்க. அட்டைக்குப் பிடிக்கிற மாதிரி ஃபோமுக்குச் சட்டுன்னு பிடிக்காது. அதனால முதல்ல ஸ்ப்ரே பசையை லேசாத் தூவி, விரல் வெச்சா பிசுபிசுன்னு வர்ற வரைக்கும் காய விடு. அப்புறம் ஃபிலிமைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தேய். பட்டுத் துணிக்கு வைக்கிற சூடு போதும். அவசரப்பட்டு சூட்டைக் கூட்டினா ஃபோம் கொப்புளிச்சுடும்.

முக்கியமா ஒண்ணு. சூடு பட்டா ஃபிலிம் சுருங்கும், சுருங்குறப்ப இழுக்கும். மேல் பக்கம் மட்டும் ஒட்டிட்டு 'அப்பாடா'ன்னு டீ குடிக்கப் போயிடாதே. கீழ் பக்கமும் அதே சூட்டுல, அதே கையோட ஒட்டணும். ரெண்டு இழுப்பும் சமமானாத்தான் இறக்கை நேரா நிக்கும். முதல்ல ஒரு துண்டு ஃபோம்ல பழகிப் பாரு.

கட்டிங் மெஷின்ல இருந்து லேமினேஷனுக்கு மாறி ரெண்டு வருஷத்துல இவ்வளவுதான் கத்துக்கிட்டேன். இதைக் கேட்கவும் ஒரு ஆள் இருக்கே.

அண்ணியைக் கேட்டதாச் சொல்லவும்.
தங்கச்சி

---

பிப்ரவரி 4

வாலு,

நலம், நீங்க எல்லாரும் நலமா இருக்கணும்.

நீ எழுதினதை நாலு தடவை படிச்சேன். படிச்சுட்டு, மேல் பக்கம் மட்டும் ஒட்டிட்டு டீ குடிக்கப் போனேன். நம்புவியா? உன் அண்ணி பக்கத்து வீட்டம்மாகிட்ட ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டு வந்து பார்க்கிறேன், இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நிக்குது. அப்புறம் அவசர அவசரமா அடிப் பக்கம் ஒட்டி, மேல அரிசி மூட்டையை ஏத்தி வெச்சு, மறுநாள் பார்த்தா ஓரளவுக்கு நிமிர்ந்திருக்கு. இஸ்திரிப் பெட்டி அடியில பசை ஒட்டினது உண்மை. அண்ணியோட வெள்ளைச் சேலையில அது ஒரு கோடு போட்டதும் உண்மை. மத்தபடி வீட்டுல அமைதி.

ஆனா பலன் இருக்கு. வழவழன்னு மீன் தோல் மாதிரி ஆயிடுச்சு. புல்லுல சறுக்கிட்டே போய் நிக்குது, ஒரு கீறல் இல்ல. டயர் கடைக்காரர் தடவித் தடவிப் பார்த்துட்டு, 'எனக்கும் ஒட்டிக் குடுங்க'ன்னார்.

ரெண்டாவது வாரம் இடது இறக்கை முனை போச்சு. கோல் கம்பத்துல இடிச்சுட்டேன். காத்து. ஒரு சாண் அளவுக்குப் பிளந்தாலும் ஃபிலிம் பிடிச்சுட்டு இருந்ததால தனியாக் கழண்டு விழல. அதை எப்படிச் சரி பண்றது? இன்னொண்ணு, கலர் ஃபிலிம் இருந்தா அனுப்பு. வெள்ளைப் பிளேன் வானத்துல கரைஞ்சு போயிடுது.

அன்புடன்,
அண்ணன்

---

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அண்ணியோட சேலைக்கு என் அனுதாபம்.

மஞ்சள், சிவப்பு ரெண்டும் வெச்சிருக்கேன். இது பரிசுப் பெட்டிக்கு ஒட்டுற ஃபிலிம், கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பொறுமையாத் தேய். பிளந்த இடத்தைச் சரி பண்ண, முதல்ல பசை விட்டு ரெண்டு உதட்டையும் சேர்த்துப் பிடி. காய்ஞ்சதும் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இறக்கையோட முன் விளிம்பை மடிச்சு மேலயும் கீழயும் வர்ற மாதிரி ஒட்டு. அந்த விளிம்புதான் எப்பவும் முதல்ல அடி வாங்கும். வலது பக்கமும் அதே அகலத்துக்கு ஒரு பட்டை போடு, இல்லன்னா எடை ஒரு பக்கமாச் சாயும்.

கோல் கம்பம் எவ்வளவு பெருசு அண்ணா? அதைப் போய் இடிச்சிருக்கே. பஸ் ஓட்டுற கை.

உடம்பைப் பார்த்துக்கோ.
தங்கச்சி

---

மார்ச் 11

வாலு,

எப்படி இருக்க? பதில் எழுதத் தாமதம் ஆச்சு, கோவிச்சுக்காதே. பரீட்சை நேரம், பஸ் ரெண்டு நடை கூடுதலா ஓடுது.

மஞ்சள் ஒட்டினேன். அழகா வந்துச்சு. ஆனா மறுபடி இடது இறக்கை. இந்தத் தடவை டாக்டரோட மடக்கு நாற்காலி. நல்லவேளை, அவர் அதுல உட்காரல. நாற்காலியை யார் அங்க கொண்டு வந்து போட்டாங்கன்னு தெரியல. டாக்டர் காலையில இருந்து அங்கதான் கிடந்துச்சுன்னு சொல்றார். மஞ்சளும் கண்ணுக்கு எட்ட மாட்டேங்குது, மேல போனதும் மேகத்தோட சேர்ந்துக்குது. கறுப்பு ஃபிலிம் இருந்தா அனுப்பு. கை அகலப் பட்டையா மாத்தி மாத்தி ஒட்டலாம்னு இருக்கேன்.

ஷெட்டு கேட்டுல பஸ்ஸோட இடது கண்ணாடி உரசிடுச்சு. வாட்ச்மேன் கதவைப் பாதி திறந்து வெச்சா அப்படித்தான் ஆகும். பேச்சு வாங்கினது நான்.

இன்னொரு உதவி. கண் டாக்டர் ரூம்ல மாட்டியிருக்குமே, மேல ஒரு பெரிய எழுத்து, கீழ போகப் போகச் சின்னதாகிட்டே வரும். அந்த சார்ட் உங்க அச்சகத்துலதானே அடிக்கிறாங்க? ஒண்ணு லேமினேட் பண்ணி அனுப்பு. பள்ளிக்கூடத்துல ஒட்டக் கேட்டாங்க. ஜூன்ல எனக்கு லைசன்ஸ் புதுப்பிக்கிற பரிசோதனை இருக்கு, அங்கயும் இதே சார்ட்தான் மாட்டியிருப்பாங்க. அதான் உன் ஞாபகம் வந்துச்சு.

அண்ணன்

---

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலத்தை எழுது.

கறுப்பு ஃபிலிம் அனுப்பியிருக்கேன். சார்ட் இந்தப் பார்சல்ல இல்ல, தேடணும். கறுப்பு சூட்டைச் சீக்கிரம் இழுக்கும், வெயில்ல வெச்சுட்டு வராதே. மஞ்சள் பட்டையும் கறுப்புப் பட்டையும் சேர்ற இடத்துல அரை விரல் அளவுக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், இல்லன்னா அந்தக் கோட்டுல காத்து புகுந்து உரிச்சுடும்.

பிளேன் எந்தப் பக்கம் இருந்து வர்றப்ப இடிக்குதுன்னு யோசிச்சுப் பார்த்தியா? சும்மாதான் கேட்டேன்.

தங்கச்சி

---

ஏப்ரல் 8

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுறேன். எல்லாரும் நலம்தானே? உன் அண்ணனை மூணு வாரமா 'தங்கச்சிக்குப் பதில் எழுதுங்க'ன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. 'எழுதுறேன் எழுதுறேன்'னு சொல்றதோட சரி. அதான் நானே பேனாவை எடுத்துட்டேன்.

நீ அனுப்பின ஃபிலிமெல்லாம் ஒட்டி அந்தப் பிளேன் இப்ப குளவி மாதிரி இருக்கு. ஆனா ரெண்டு வாரமா அதை வெளிய எடுக்கல. அலமாரி மேல ஏத்தி வெச்சுட்டார். கேட்டா கழுத்து வலிங்கிறார். இருக்கும்னுதான் தோணுது, ஏதாவது பார்க்கணும்னா கோழி மாதிரி தலையை முழுசாத் திருப்பிப் பார்க்கிறார். நேத்து டீயை டம்ளருக்கு வெளிய ஊத்தி, என்னைத் திட்டினார், டம்ளரை நகர்த்திட்டேனாம். நான் சமையல் கட்டுலயே இல்ல. ரோட்டுல நடந்தா, வண்டி போற பக்கமா இருந்தாலும் என்னைத் தன் இடது பக்கம்தான் வரச் சொல்றார். 'வண்டி வந்தா நீ சொல்லு'ங்கிறார். முப்பது வருஷமா என்னை உள்பக்கம் விட்டுத் தான் வெளிப்பக்கம் நடந்த மனுஷன். வயசானா ஆம்பளைங்களுக்கு இப்படியெல்லாம் ஆகுமோ என்னவோ.

பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை செஞ்சு குடுத்திருக்காங்க. நாப்பத்திரண்டு கையெழுத்து. அதை பஸ்லயே ஒட்டி வெச்சிருக்கார். ஏதோ ஒரு சார்ட் கேட்டாராமே, மறக்காம அனுப்பச் சொன்னார். இதோட மூணு தடவை சொல்லிட்டார். எனக்கே ஆச்சரியமா இருக்கு, அப்படி என்ன சார்ட் அது?

ஒரு நடை வந்துட்டுப் போயேன்.
உன் அண்ணி

---

ஏப்ரல் 14

அண்ணா,

நலமான்னு கேட்டு ஆரம்பிக்கிறது வழக்கம். இந்தத் தடவை நிஜமாவே கேட்கிறேன். உன் இடது கண் எப்படி இருக்கு?

சார்ட் அனுப்பல, அனுப்பவும் மாட்டேன். அது எங்கிட்ட கட்டுக் கட்டா இருக்கு. வலது கண்ணை மூடிட்டு நீ அதை மனப்பாடமா ஒப்பிக்கப் போறே. தப்புன்னா திட்டி எழுது, சந்தோஷமா வாங்கிக்கிறேன்.

கோல் கம்பம், நாற்காலி, பஸ் கண்ணாடி, எல்லாம் இடது பக்கம். அண்ணி எழுதினதையும் சேர்த்து வெச்சுப் பார்த்தேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க உன் கழுத்துக்குத் தைலம் தேடிட்டு இருக்காங்க. மஞ்சள் தெரியல, கறுப்பு வேணும், கை அகலத்துக்கு வேணும்னா அது பிளேனோட கோளாறு இல்ல.

நான் ஒண்ணு சொல்லணும். உன் மாப்பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்ல. காது மந்தம்னு என்னைக் கட்டிங் மெஷின்ல இருந்து மாத்தினாங்கன்னு உனக்குத் தெரியும். மாத்துறதுக்கு முன்னாடி எட்டு மாசம் நான் மறைச்சேன். உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னேன், புரியாததுக்கெல்லாம் சிரிச்சு வெச்சேன். அந்த மெஷின்ல நான் கத்தியை இறக்கணும், பைண்டிங் அக்கா எதிர்ப் பக்கம் நின்னு காகிதத்தை நேர் பண்ணித் தரணும். ஒருநாள் அவங்க 'இரு'ன்னு கத்தியிருக்காங்க. பக்கத்து மெஷின்காரனுக்கே கேட்டிருக்கு. எனக்குக் கேட்கல. நான் குனிஞ்சு அளவைப் பார்த்துட்டு இருந்தேன், அவங்க உதட்டைப் பார்க்கல. கத்தி இறங்கிடுச்சு. ரெண்டு விரல் நுனி.

பழைய மெஷின், தானா இறங்கிடுச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் மறுக்கல. அந்த வாரமே காது டாக்டர்கிட்ட போய், சீட்டை முதலாளி மேஜையில வெச்சு, லேமினேஷனுக்கு மாறிட்டேன். நான் நேர்மையா நடந்துக்கிட்டதா எல்லாரும் நினைச்சாங்க. பைண்டிங் அக்கா எனக்குத் தினமும் தண்ணி பிடிச்சுக் குடுக்கிறாங்க அண்ணா. அந்தக் கையால.

உன் பின்னாடி நாப்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. இடது பக்கம்தான் ஏறி இறங்குறாங்க.

பள்ளிக்கூடத்துக்குப் போய் நீயே சொல்லு. வேற எதுவும் நான் கேட்கல.

தங்கச்சி

---

ஏப்ரல் 18

உன் கடிதம் கிடைத்தது.

என் கண் என் பிரச்சினை. பதினெட்டு வருஷத்துல ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்ல. ஜூன் வரைக்கும் ஓட்டிட்டா அப்புறம் பார்த்துக்கலாம். வண்டி ஓட்டுறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்னு யோசிச்சியா? நீ செஞ்ச தப்புக்கு என்னைப் பிடிக்காதே.

ஃபிலிம் போதும். இனிமே அனுப்ப வேண்டாம்.

---

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நல்லா இருக்கணும்னுதான் இதையும் எழுதுறேன்.

நீ கேட்டது சரி. நான் செஞ்சதை வெச்சுக்கிட்டு உனக்குப் புத்தி சொல்றேன். அதனால முந்தாநாள் சாப்பாட்டு நேரத்துல பைண்டிங் அக்கா முன்னாடி உட்கார்ந்து சொல்லிட்டேன். 'அக்கா, அன்னிக்கு மெஷின் தானா இறங்கல. நீங்க கத்தினது எனக்குக் கேட்கல. எனக்குக் காது போய் அப்பவே எட்டு மாசம் ஆச்சு.' அவங்க தட்டை எடுத்துட்டு எழுந்து போய், சுவத்தோரம் இருக்கிற மேஜையில தனியா உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டாங்க. ரெண்டு நாளா எங்கூடப் பேசல. தண்ணி நானே பிடிச்சுக்கிறேன்.

சொல்லிட்டா மனசு லேசாயிடும்னு உனக்கு நான் எழுதப் போறதில்ல. எனக்கு ஆகல. நேத்து மெஷின்ல ஃபிலிமைத் தலைகீழா மாட்டி, உருளை பூரா ஒட்டிக்கிட்டு, அதைச் சுரண்டவே அரை நாள் ஆச்சு.

பள்ளிக்கூட மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி, விலாசமும் எழுதி வெச்சுட்டேன். வர்ற திங்கட்கிழமை காலையில தபால்ல போடுவேன். அதுக்கு முன்னாடி நீ சொன்னா அது உன் வார்த்தையா இருக்கும். பிந்தினா என் வார்த்தையா இருக்கும். என்மேல கோபம் இருந்தா இருக்கட்டும்.

தங்கச்சி

---

ஏப்ரல் 30

வாலு,

நீ சௌக்கியமா? போன கடிதத்துல இதைக் கேட்காம விட்டுட்டேன். அது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு.

உன் கடிதம் சனிக்கிழமை வந்துச்சு. மதியம் பிளேனை அலமாரியில இருந்து இறக்கி மைதானத்துக்கு எடுத்துட்டுப் போனேன். ரிமோட்டை டாக்டர்கிட்ட குடுத்து, 'சும்மா வலத்துல இருந்து இடத்துக்கு ஒரு சுத்து விடுங்க'ன்னு சொல்லிட்டு, வலது கண்ணைக் கையால மூடிக்கிட்டேன். சத்தம் மட்டும் என் தலைக்கு மேல போச்சு. மஞ்சளும் இல்ல, கறுப்பும் இல்ல. புகை பிடிச்ச கண்ணாடி மாதிரி ஏதோ ஒண்ணு. டாக்டர் இறக்கிட்டு வந்து, 'எவ்வளவு நாளா?'ன்னு கேட்டார். 'ஒரு வருஷம்'னேன். 'நான் பல் டாக்டர், ஆனாலும் டாக்டர்தான், சொல்லியிருக்கலாம்'னார்.

அவ்வளவு தெரிஞ்சும் திங்கட்கிழமை வண்டி எடுத்தேன். அதையும் மறைக்கல. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் மேனேஜர்கிட்ட சொல்லிடலாம், கடைசியா ஒருநாள் ஓட்டிக்கலாம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

நாலாவது நிறுத்தம். அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஏறணும். பெரியவளை ஆயாம்மா கையைப் பிடிச்சு ஏத்திட்டாங்க. சின்னவளோட தண்ணி பாட்டில் கையில இருந்து நழுவி முன் சக்கரத்துப் பக்கம் உருண்டிருக்கு. அவ அதை எடுக்கக் குனிஞ்சிருக்கா. இடது கண்ணாடியில பார்த்தேன். ஒண்ணும் இல்ல. எனக்கு அங்க எப்பவுமே ஒண்ணும் இல்லதானே. கிளட்சை விட்டேன்.

'நிறுத்து'ன்னு ஆயாம்மா கத்தினாங்க.

நிறுத்திட்டேன். வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும். அவ பாட்டிலை எடுத்துட்டு, பாவாடையில துடைச்சுட்டு, ஏறி உட்கார்ந்துட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

உனக்கு அன்னிக்குக் கேட்கல. எனக்குக் கேட்டுச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். உன் தப்புன்னு எழுதினேன் பாரு, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடு.

எஞ்சினை அணைச்சு சாவியை ஆயாம்மா கையில குடுத்தேன். மேனேஜருக்குப் போன் பண்ணி, 'எனக்கு ஒரு கண்ணு தெரியாது, வேற டிரைவரை அனுப்புங்க'ன்னு சொன்னேன். வேற ஆள் வர நாப்பது நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் பிள்ளைங்க பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க. நான் முதல் வரிசையில உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷத்துல அந்த சீட்ல நான் உட்கார்ந்ததே இல்ல. அங்க இருந்து பார்த்தா ரோடு எவ்வளவு கிட்ட தெரியுது தெரியுமா.

உன் அண்ணிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். தைலப் பாட்டிலை எடுத்துக் குப்பையில போட்டா. அதுக்குப் பிறகுதான் அழுதா.

நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

அண்ணன்

---

மே 10

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? உடனே எழுது. அண்ணி எப்படி இருக்காங்க?

ஒண்ணு ஒத்துக்கணும். நீ அந்த நிறுத்தத்துல வண்டியை அணைச்ச அதே நாள் காலையில நான் அந்தக் கடிதத்தைப் போட்டுட்டேன். பெட்டிக்குள்ள விழுந்ததும் கையை உள்ள விட்டு எடுக்க முடியுமான்னு பார்த்தேன். அந்த வாரம் பூரா உன் கடிதம் வர்ற வரைக்கும், வேலை விட்டு வந்ததும் முதல்ல தபாலைத்தான் தேடினேன். ஆனா மறுபடி அதே நிலைமை வந்தாலும் போடுவேன். இதையும் நீ தெரிஞ்சு வெச்சுக்கணும்.

முதலாளிகிட்டயும் நடந்ததைச் சொன்னேன். அவர், 'அந்த மெஷினுக்கு எதிர்ப் பக்கமும் ஒரு சுவிட்ச் வைக்கணும், அமுக்கினா விளக்கு எரியணும், கத்தி நிக்கணும்'னார். எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிட்டுப் போனான். பைண்டிங் அக்கா வந்து, சுவிட்சை நாலு தடவை அமுக்கி அமுக்கிப் பார்த்தாங்க. என் பக்கம் திரும்பி, 'விளக்கு இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம்'னாங்க. மூணு வாரத்துல எங்கிட்ட பேசின முதல் வார்த்தை. பெரிய விளக்கு வாங்கச் சொல்லியிருக்கேன்.

லீவு கேட்டிருக்கேன். அடுத்த மாசம் வர்றேன்.

தங்கச்சி

---

ஜூன் 2

வாலு,

உன் கடிதம் பார்த்து நிம்மதி. நாங்க நலம், கண்ணைத் தவிர.

கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுடுச்சாம். இடது போனது போனதுதான். வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு, ஆனா தினமும் சொட்டு மருந்து விட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு சொன்னாங்க. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இடதையும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாமாம். டாக்டரம்மா அதைச் சொல்றப்ப உன் அண்ணி என்னைப் பார்க்கல, ஜன்னலைப் பார்த்தா.

இந்த வகை அழுத்தம் ரத்த சொந்தத்துக்கும் வருமாம். தங்கச்சி இருக்கான்னு சொன்னதும், 'உடனே பார்க்கச் சொல்லுங்க'ன்னாங்க. நீ வந்ததும் முதல் வேலை அதுதான். காதோட நிறுத்திக்கோ.

உன் கடிதம் மேனேஜருக்குப் புதன்கிழமை போய்ச் சேர்ந்துச்சாம். கூப்பிட்டுக் காட்டினார். 'உங்க தங்கச்சி ரெண்டு நாள் லேட்'னார். எனக்குக் கோபம் வரல. 'உங்களுக்குத்தான் லேட், எனக்கு அவ முன்னாடியே சொல்லிட்டா'ன்னேன். லைசன்ஸைக் குடுத்துட்டேன். ஷெட்டுல பத்து பஸ்ஸோட நேரக் கணக்கும் பராமரிப்பும் பார்த்துக்கச் சொல்லியிருக்கார். பார்க்கிறேன். காலையில எஞ்சின் சத்தம் கேட்கிறப்ப எல்லாம் கால் தானா கிளட்சைத் தேடுது. அது போகக் கொஞ்ச நாள் ஆகும்.

மைதானத்துக்குப் போறேன். நான் விடுறதில்ல. டயர் கடைக்காரர் புதுசாச் செஞ்ச பிளேனுக்கு ரெண்டு நாள் உட்கார்ந்து ஃபிலிம் ஒட்டிக் குடுத்தேன். அதுக்குக் கண்ணை விட விரல்தான் வேணும், சுருக்கம் எங்க இருக்குன்னு தடவினாத் தெரிஞ்சுடுது. மேலயும் கீழயும் ஒரே கையோட. நடுவுல டீ குடிக்கப் போகல.

நீ வர்ற ரயில் சாயந்திரம் நாலரைக்கு வருதுன்னு விசாரிச்சு வெச்சிருக்கேன். ஸ்டேஷன்ல கூட்டமா இருக்கும். நான் கூப்பிட்டா உனக்குக் கேட்காது. நீ என் இடது பக்கமா நின்னு கையை ஆட்டினா எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கிட்டு, 'எங்க இன்னும் காணோம்'னு தேடிட்டு இருப்போம். அதனால உன் அண்ணியையும் கூட்டிட்டு வர்றேன். அவ நமக்கு நடுவுல நிப்பா.

இறங்கினதும் அவளைத் தேடு.

அண்ணன்